ஒன்பதாம் பெட்டி

சுரங்கப்பாதைக் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு அலாரம் அக்கா என்று பெயர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். முதலில் கிண்டலாக ஆரம்பித்தது. பிறகு யாருக்கும் அவளுடைய சொந்தப் பெயர் சட்டென்று நினைவுக்கு வராத அளவுக்கு ஒட்டிக்கொண்டது. சம்பள நாளில் கையெழுத்துப் போடும்போது மட்டும் அந்தப் பெயர் வெளியே வரும்.

மலையைக் குடைந்து போட்ட சாலை அது. ஐந்தரை கிலோமீட்டர் நீளம். போவதற்கு ஒரு குழாய், வருவதற்கு ஒரு குழாய், இரண்டுக்கும் நடுவில் நானூறு மீட்டருக்கு ஒரு குறுக்குவழி, ஒவ்வொரு குறுக்குவழிக்கும் ஒரு இரும்புக் கதவு. மலைக்குள் ரேடியோ சிக்னல் தானாக நுழையாது. தீயணைப்புக்காரர்களும் ஆம்புலன்ஸ்காரர்களும் உள்ளே போனால் அவர்கள் கையில் இருக்கும் வாக்கி டாக்கி வெறும் கட்டையாகிவிடும். அதனால் ஒவ்வொரு குழாயிலும் கூரையோரமாக ஒரு தடித்த கேபிள் முழு நீளத்துக்கும் ஓடியது. சிக்னல் வழியில் களைத்துப்போகாமல் இருக்க, குறுக்குவழிக்கு ஒன்றாகப் பதினான்கு ஆம்ப்ளிஃபயர் பெட்டிகள். சாம்பல் நிறம், ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற அளவு. போகும் குழாயில் இருந்த பதினான்கு பெட்டிகளும் அவள் பொறுப்பு; வரும் குழாயில் இருந்தவற்றை வேறொருவர் பார்த்துக்கொண்டார்.

பதினோரு வருஷமாக இதே வேலை. அதற்கு முன்னால் ஒரு தொழிற்சாலையில் இதே மாதிரிப் பெட்டிகளைச் சோதிக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தாள். அலாரங்களை அவள் ஜாதகம் போலப் படிப்பாள் என்று சொல்வார்கள். சூடு அலாரம் வந்தால் விசிறியில் தூசி. மின்சார அலாரம் வந்தால் பேட்டரியைப் பார். சிக்னல் திரும்பி வருகிறது என்று அலாரம் வந்தால், அனுப்பியது போக வழியில்லாமல் முட்டிக்கொண்டு பெட்டிக்கே திரும்புகிறது என்று அர்த்தம். கேபிளிலோ இணைப்பிலோ எங்கோ அடைப்பு. அந்தத் திரும்பு அலாரத்தை மட்டும் அவள் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டாள். திரும்பி வரும் சிக்னல் கொஞ்சமாக இருந்தால் அலாரம் மட்டும் அடிக்கும்; அளவு மீறினால் பெட்டியைச் சுட்டுவிடும் என்பதால், பெட்டி தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்குள் நான்கு தடவை அணைந்தால் அதற்கு மேல் பொத்தானை அமுக்கினாலும் எழுந்திருக்காது. பூட்டிக்கொள்ளும்.

ஒன்பதாம் பெட்டி அந்த மாதம் முழுக்க அவளை அலைக்கழித்தது.

அநேகமாகத் தினமும் மதியம் இரண்டு மணி சுமாருக்குத் திரும்பு அலாரம் வரும். நாற்பது நிமிஷம், சில நாள் ஒரு மணி நேரம் விட்டு விட்டு அடிக்கும். பிறகு தானே போய்விடும். அவள் போய்ப் பார்த்தால் பச்சை விளக்கு எரிந்துகொண்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்கும். விசிறியைக் கழற்றித் துடைத்தாள். ஒன்பதில் இருந்த ஆம்ப்ளிஃபயர் பலகையைப் பத்தாவதில் மாட்டி, பத்தில் இருந்ததை ஒன்பதில் மாட்டினாள். மறுநாளும் ஒன்பதுதான் அடித்தது. அப்படியானால் பலகை குற்றவாளி இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்திலிருந்து எட்டு வரை பராமரிப்புக்காகப் பாதையை மூடுவார்கள். அந்த நேரத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு, சிக்னலை விழுங்கிக்கொள்ளும் ஒரு சோதனைச் சுமையைப் பெட்டியின் வாயில் மாட்டினாள். பெட்டி சமர்த்தாக ஓடியது. அப்படியானால் பெட்டியும் இல்லை. கேபிளை அளந்தாள். கேபிளும் சுத்தம். திரையில் கோடு தட்டையாக, குறை சொல்ல முடியாதபடி இருந்தது.

"எல்லாருமே யோக்கியன். அப்ப யாருதான் அலாரம் அடிக்கிறது?" என்று அவள் வீட்டில் புலம்பினாள்.

அவள் கணவர் தையல் மெஷின் ரிப்பேர் செய்பவர். "எங்கிட்ட ஒரு மெஷின் வரும். கடையில தைச்சா நல்லா தைக்கும், வீட்டுக்குப் போனா நூல் அறும். கடைசியில பாத்தா அந்தம்மா வீட்டு மேசை ஆடுது" என்றார்.

"என் பெட்டி சுவத்துல போல்ட் போட்டு நிக்குதுங்க. அது எங்க ஆடப்போகுது?"

"நான் என் கதையைச் சொன்னேம்மா. உன் கதை உனக்குத்தான் தெரியும்" என்று அவர் சாப்பாட்டைப் பரிமாறினார்.

திங்கட்கிழமை மேலாளர் அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் மேலே இருப்பவர்கள் இருமினால் இவருக்குக் காய்ச்சல் வரும். வியாழக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. திரையில் ஒரு மாதத்து அலாரப் பட்டியல் சிவப்பாகக் கிடந்தது.

"மேடம், இது இப்படி இருந்தா நாம என்ன வேலை பாக்குறோம்னு கேப்பாங்க."

"பாத்துட்டுதான் சார் இருக்கேன்."

"பெட்டி நல்லா இருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கேபிளும் நல்லா இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அப்ப இது பொய் அலாரம்தானே? அந்த ஒண்ணை மட்டும் மறைச்சு வெச்சிடுங்க. ஆய்வு முடிஞ்சதும் எடுத்துடலாம்."

மறைப்பது சுலபம். கணினியில் ஒரு சின்னக் கட்டத்தில் குறி போட்டால் போதும். அதற்கான கடவுச்சொல் அவளிடம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளே ஒரு தடவை அப்படிக் குறி போட்டிருந்தாள். இரண்டாம் பெட்டியின் பேட்டரி அலாரம். புதுப் பேட்டரி வர மூன்று நாள் ஆகும், அதுவரைக்கும் எதற்கு இந்தச் சத்தம் என்று மறைத்துவைத்தாள். இரண்டாவது நாள் மின்சாரம் போனது. கீழே நீரேற்றும் குழிக்குள் இறங்கியிருந்த ஒருவர் கால் மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் ரேடியோவில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். இடுப்பளவு தண்ணீர். யாருக்கும் கேட்கவில்லை. மின்சாரம் வந்த பிறகுதான் அவர் குரலும் வந்தது. அவர் பிழைத்தார். ஆனால் வேலையை விட்டுவிட்டார். அவள் பார்க்கப் போனபோது அவர் மனைவி கதவைத் திறந்து, "அவர் தூங்குறாரு" என்று சொல்லி மூடினார். உள்ளே அவர் யாருடனோ பேசிக்கொண்டிருந்த சத்தம் வெளியே கேட்டது.

"மறைக்க மாட்டேன் சார்" என்றாள்.

"நான் ஒரு மேலாளரா சொல்றேன்."

"எழுதிக் குடுங்க சார். அப்பவும் நான் குறி போட மாட்டேன். வேற யாராவது போடட்டும்."

மேலாளரின் முகம் சுருங்கியது. பேனாவை மூடி வைத்தார். "புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள காரணம் என்னன்னு காட்டுங்க. இல்லேன்னா நானே மறைச்சுடுவேன். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

அவளுக்கு இரண்டு நாள் இருந்தது.

கட்டுப்பாட்டு அறையில் பகல் பணியில் இருந்தவரை எல்லோரும் நிதானம் என்று அழைத்தார்கள். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம். தலையில் இடியே விழுந்தாலும் முதலில் மணி என்ன என்று பார்த்துக் குறித்துக்கொள்வார். கணினி எல்லாவற்றையும் பதிவு செய்தாலும் அவர் தனியாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். எந்த விசிறி எப்போது ஓடியது, எப்போது நின்றது, எந்த லாரி எங்கே நின்று டிரைவர் டயரை உதைத்துப் பார்த்தார் என்பது வரை அதில் இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் அவர் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, ரெண்டு மணிக்கு இந்த மலைக்குள்ள அப்படி என்ன நடக்குது?"

"என்ன நடக்கும். சரக்கு லாரிங்க வரிசையா ஏறும். புகை கூடும். நான் விசிறியைக் கூட்டுவேன்."

"எந்த விசிறியை?"

"முதல்ல பதினஞ்சு, பதினாறு. அதுக்கும் அடங்கலேன்னா பதினேழு." நோட்டைத் திருப்பிக் காட்டினார். "இந்தா, நேத்து ரெண்டு ஏழுக்குப் பதினேழு ஓடியிருக்கு. ரெண்டு அம்பத்தொண்ணுக்கு நிறுத்தினேன்."

அவள் தன் அலாரப் பட்டியலை எடுத்து நோட்டின் பக்கத்தில் வைத்தாள். நேற்று, இரண்டு எட்டுக்கு முதல் அலாரம். இரண்டு ஐம்பதுக்குக் கடைசி. முந்தாநாள் அலாரம் இல்லை, பதினேழும் ஓடவில்லை. அதற்கு முந்தின நாள் பார்த்தாள். போன வாரம் பார்த்தாள். அவள் விரல் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போய்ப் போய் வந்தது. இருபத்திரண்டு நாளும் நிமிஷ சுத்தமாக ஒத்துப்போனது.

பதினேழாவது விசிறி ஒரு கார் நீளத்துக்கு ஒன்பதாம் குறுக்குவழிக்கு நேர் மேலே தொங்கியது. ஞாயிற்றுக்கிழமை அவள் அளக்கும்போதெல்லாம் விசிறிகளை நிறுத்திவைத்திருந்தார்கள். அதனால்தான் கேபிள் அவளிடம் நல்ல பிள்ளையாக நடித்தது.

காரணம் கிடைத்த சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. உள்ளே தீப்பிடித்தால் கட்டுப்பாட்டு அறை முதலில் செய்யும் காரியம் என்ன? எல்லா விசிறிகளையும் முழு வேகத்துக்கு ஏற்றுவது. புகையை ஒரு பக்கமாகத் தள்ளுவதற்கு. சாதாரண நாளில் பாதி வேகத்தில் ஓடும் பதினேழு, அன்றைக்கு முழு வேகத்தில் ஓடும். அன்றைக்குத்தான் ஒன்பதாம் பெட்டி சாகும். சிக்னல் ஒன்றிலிருந்து பதினான்குக்குச் சங்கிலி போலப் போகிறது. ஒன்பது போனால் பத்திலிருந்து கடைசி வரை எல்லாம் ஊமை. மறுமுனையிலிருந்தும் ஒரு வழி போட வேண்டும் என்று கோப்பு எழுதி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

அவள் இரண்டு பட்டியலையும் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனாள்.

மேலாளர் இரண்டு பட்டியலையும் மாறி மாறிப் பார்த்தார். மறைப்பது பற்றி அவர் மறுபடி பேச்செடுக்கவில்லை. "நாளைக்கு மதியம் ஒரு வரிசையை அடைச்சுத் தரேன். அரை மணி நேரம். பதினேழு ஓடும்போதே பாருங்க" என்றார்.

புதன்கிழமை இரண்டு மணிக்கு அவளும் ஏணி வண்டிக்காரரும் ஒன்பதாம் குறுக்குவழிக்கு எதிரே நின்றார்கள். அவர் வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்கு மேல் வராது. கூண்டு வைத்த தூக்கு வண்டி ஒன்றை அவர்தான் ஓட்டுவார். பக்கத்து வரிசையில் வண்டிகள் உரசுகிற மாதிரி போய்க்கொண்டிருந்தன. அவள் கூண்டில் ஏறிக் கூரையோரம் போனாள். மேலே விசிறி உறுமிக்கொண்டிருந்தது. காற்று முதுகில் அடித்தது.

பார்த்ததும் தெரிந்துவிட்டது. கேபிளைச் சுவரோடு பிடித்திருந்த இரும்புக் கொக்கியில் ஒரு போல்ட் கழன்று விழுந்திருந்தது. இன்னொன்று பாதி கழன்று கிடந்தது. விசிறியின் அதிர்வில் கேபிள் வால் மாதிரி ஆடியது. அது ஆட ஆட, பெட்டியிலிருந்து வரும் கம்பி அதோடு சேரும் இணைப்பின் திருகுமறை தேய்ந்து, உள்ளே இருந்த ஊசி ஒட்டுவதும் விடுவதுமாக இருந்தது. கையால் அழுத்திப் பிடித்தாள். கீழே குறுக்குவழிக் கதவருகில் நின்ற ஏணிக்காரர் உள்ளே எட்டிப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "பச்சை" என்று கத்தினார். விட்டாள். "சிவப்பு."

கணவரின் தையல் மேசை நினைவுக்கு வந்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. புது இணைப்பு கிடங்கில் இருந்தது. கேபிளை வெட்டி மாட்ட நாற்பது நிமிஷம் வேண்டும். அதுவரை சிக்னலை நிறுத்தவேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை தாங்க ஒரு தற்காலிகக் கட்டுப் போடலாம் என்று பட்டையை எடுத்தாள்.

அப்போது வண்டிகள் நின்றன.

முதலில் அது வழக்கமான நெரிசல் என்றுதான் நினைத்தாள். பிறகு சுவர் விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் சிவப்பாக மின்னின. நெஞ்சில் மாட்டியிருந்த வாக்கி டாக்கியில் நிதானத்தின் குரல். "ரெண்டு இருபத்தாறு. பத்துக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல லாரி தீ. டயர் வெடிச்சு முன்னால போன மினி பஸ்ஸை இடிச்சிருக்கு. விசிறி முழு வேகம். அக்கா, நீயும் ஏணியும் வெளியே போங்க."

மேலே பதினேழு ஓலமிட்டது. காற்று அவளைக் கூண்டுக் கம்பியோடு அழுத்தியது. கேபிள் அவள் கையிலிருந்து நழுவிப் பாம்பு மாதிரி துள்ளியது.

"சிவப்பு" என்றார் ஏணிக்காரர்.

விதி என்ன என்று இருவருக்கும் தெரியும். உபகரணத்தை விட்டுவிட்டு, பக்கத்துக் குறுக்குவழிக்குள் போய்க் கதவை மூட வேண்டும். கதவு பதினைந்து காலடித் தூரத்தில் இருந்தது. நின்ற வண்டிகளிலிருந்து ஆட்கள் இறங்கி அந்தக் கதவை நோக்கி ஓடினார்கள். ஒருவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு போகும்போது நிமிர்ந்து, "அம்மா, இறங்கி வாங்க" என்றார்.

அவள் கீழே பார்த்தாள். மகள் அன்று காலை எதற்கோ கோபித்துக்கொண்டு பேசாமல் பள்ளிக்கூடம் போயிருந்தாள். இறங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். கூண்டை இறக்கும் நெம்புகோலில் கை வைத்தும்விட்டாள். அப்போது ரேடியோவில் தீயணைப்பு அதிகாரியின் குரல் வந்தது. மறுகுழாய் வழியாக வந்து குறுக்குவழிகள் மூலம் இந்தப் பக்கம் நுழையப் போகிறோம், மினி பஸ்ஸில் எத்தனை பேர், அவர்கள் எங்கே என்று கேட்டார். நிதானம் பதில் சொன்னார். அதிகாரி அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். நிதானம் திரும்பச் சொன்னார். அதிகாரி மூன்றாவது தடவை கேட்டார். அவர் இந்தக் குழாய்க்குள் கால் வைத்துவிட்டார், அவர் குரல் எப்படியோ தத்தி வந்தாலும் இங்கிருந்து போவது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

நெம்புகோலை விட்டாள். வலது தோளைக் கேபிளுக்கு அடியில் கொடுத்துச் சுவரோடு சேர்த்து நெட்டினாள். இரண்டு கையாலும் இணைப்பை அதன் வாயில் அழுத்தினாள்.

"பொத்தானை அமுக்குங்கண்ணே."

"நாம போகணும்" என்றார் ஏணிக்காரர்.

"போங்க. கதவுக்குள்ள போய் நில்லுங்க. பெட்டி அங்கதானே இருக்கு. அணைஞ்சா அமுக்குங்க. பச்சைன்னா கண்ணாடி வழியா டார்ச்சைக் காட்டுங்க."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு உள்ளே போனார். கதவு மூடியது. கதவின் சின்னக் கண்ணாடியில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது.

ரேடியோவில் அதிகாரி, "இப்ப கேக்குது. சொல்லுங்க" என்றார்.

மினி பஸ்ஸில் டிரைவரோடு ஏழு பேர். தீயிலிருந்து தப்பிக்க முன்னால் நடந்திருக்கிறார்கள். ஆனால் விசிறிகள் புகையையும் அந்தப் பக்கமாகத்தான் தள்ளிக்கொண்டிருந்தன. ஒரு பெண் சுவரில் இருந்த அவசரத் தொலைபேசியைத் தடவிக் கண்டுபிடித்து நிதானத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கதவு தெரியவில்லை. கண் எரிகிறது, பக்கத்தில் இருப்பவர் முகமே தெரியவில்லை என்றாள். தீயணைப்புக்காரர்கள் பன்னிரண்டாம் கதவு வழியாக நுழைந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

டார்ச் அணைந்தது.

அவள் விரல்கள் நழுவியிருந்தன. திரும்ப அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். டார்ச் எரிந்தது. உடனே மறுபடி அணைந்து எரிந்தது. ஏணிக்காரர் இத்தோடு மூன்று தடவை அமுக்கிவிட்டார். மொத்தத்தில் மூன்று தடவை அணைந்தாகிவிட்டது. இன்னொரு தடவை அணைந்தால் பெட்டி பூட்டிக்கொள்ளும்.

நிதானம் தன் சாதாரணக் குரலில் பேசினார். "அதிகாரி, பன்னெண்டு இல்ல. அவங்க பேசுற தொலைபேசி பதிமூணாம் கதவுக்கு இந்தப் பக்கம் முப்பது மீட்டர். பதிமூணு வழியா போங்க. வலது பக்கச் சுவர்."

"பதிமூணு. வலது. புரிஞ்சுது."

அந்தச் சொல் தன் தோளைத் தாண்டிப் போய்ச் சேர்ந்ததை அவள் கேட்டாள்.

அதற்குப் பிறகு ரேடியோவில் சத்தமே இல்லை. அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. அவர்கள் பேசவில்லையா, பேசியும் வரவில்லையா? டார்ச் எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது; துடைக்கக் கை இல்லை. வலது தோளில் நரம்பு ஒன்று இழுத்துக்கொண்டு கழுத்து வரை ஏறியது. பிறகு ஒரு நாற்றம் வந்தது, ரப்பர் கருகும் நாற்றம். நிமிர்ந்தாள். கூரையை ஒட்டி, தீ இருந்த திசையிலிருந்து ஒரு மெல்லிய சாம்பல் படலம் காற்றை எதிர்த்து ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது. அவள் நின்றது கூரையோரத்தில்.

"அக்கா, நீ எங்க இருக்க?" என்றார் நிதானம்.

"மேலதான் இருக்கேன் அண்ணே. பேசணும்னா கன்னத்தால பொத்தானை அமுக்கணும். சீக்கிரம் சொல்லுங்க."

"கேமராவுல பாத்துட்டேன். பதினேழை நிறுத்தட்டுமா? ஆட்டம் நிக்கும். உனக்குச் சுலபம்."

அவள் அந்தப் படலத்தைப் பார்த்தாள். முழு வேகத்தில் விசிறிகள் ஓடும்போதே அது இவ்வளவு தூரம் எதிர்த்து வந்திருக்கிறது. பதினேழை நிறுத்தினால் அது இறங்கிவிடும். பின்னால், நின்ற வண்டிகளுக்கு நடுவில் இன்னும் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். வயதான ஒருவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அழைத்துவந்தார்கள்.

"வேண்டாம். ஓடட்டும். முடிஞ்சா பதினாறையும் ஏத்துங்க. கேபிளை நான் பாத்துக்கறேன்."

"ரெண்டு நாப்பத்தொண்ணு" என்றார் நிதானம். அவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்ததும் ஏனோ அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

காற்று இன்னும் கூடியது. படலம் தயங்கி நின்றது. அவள் மூச்சைச் சின்னச் சின்னதாக விட்டாள். கேபிள் ஒவ்வொரு துள்ளலிலும் தோள் எலும்பில் இடித்தது. விரல்கள் தன்னுடையவை இல்லாத மாதிரி இருந்தன. எடுத்துவைத்திருந்த பட்டை கூண்டின் தரையில் கிடந்தது. குனிய முடியவில்லை. குனிந்தால் இணைப்பு விட்டுவிடும்.

இரண்டு நாற்பத்தேழுக்கு அதிகாரியின் குரல் இருமலோடு வந்தது. "ஆறு பேர் கிடைச்சிட்டாங்க. பதிமூணு வழியா மறுகுழாய்க்கு. ஒருத்தர் இல்ல. எங்கே?"

தொலைபேசியில் பேசிய பெண்ணிடம் கேட்டு நிதானம் சொன்னார். மினி பஸ் டிரைவர் கடைசியாக லாரி டிரைவரை இழுக்கத் திரும்பிப் போனாராம். மூன்று நிமிஷம். நாலு நிமிஷம். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் டார்ச் தெரியாது என்று உடனே திறந்தாள்.

"ரெண்டு டிரைவரும் பதினொண்ணாம் கதவுக்குப் பக்கத்துல கிடக்காங்க. மூச்சு இருக்கு. ஸ்ட்ரெச்சர் ரெண்டு" என்றது வேறொரு குரல்.

மூன்று மணி ஐந்துக்கு நிதானம், "அக்கா, உள்ள யாரும் இல்ல. எல்லாரும் மறுகுழாயில. இப்ப நீ இறங்கலாம்" என்றார். அவள் இறங்கவில்லை. கைகளைப் பிரித்தெடுக்கத் தெரியவில்லை. ஏணிக்காரர் கதவைத் திறந்து ஓடி வந்து, கீழே இருந்த நெம்புகோலால் கூண்டை இறக்கி, அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவி விட்டார். அவள் விட்ட மறுகணம் கேபிள் தன் போக்கில் ஆடத் தொடங்கியது. பெட்டி நான்காவது தடவை அணைந்து பூட்டிக்கொண்டது. குறுக்குவழிக்குள் போய் உட்கார்ந்ததும் அவள் வாந்தி எடுத்தாள்.

"இவ்வளவு நேரம் பேசாம இருந்தீங்களே அண்ணே" என்றாள் கொஞ்சம் தெளிந்த பிறகு.

"நீங்க டார்ச் மட்டும்தான் கேட்டீங்க" என்றார் அவர். அதுவே அவருக்கு நீளமான பேச்சு.

லாரி டிரைவரின் இரண்டு கைகளும் வெந்துபோயிருந்தன. பல மாதம் சிகிச்சை என்றார்கள். மற்ற எல்லோரும் ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பினார்கள்.

ஆய்வுக் குழு வியாழக்கிழமை வரவில்லை. அதற்குப் பதில் ஒரு விசாரணைக் குழு அடுத்த திங்கட்கிழமை வந்தது. விதியை மீறி ஏன் அங்கேயே இருந்தீர்கள் என்று கேட்டார்கள். அவள் நடந்ததைச் சொன்னாள். அலாரம் ஒரு மாதமாக அடித்தும் ஏன் சரிசெய்யவில்லை என்று கேட்டார்கள். கண்டுபிடிக்க அவ்வளவு நாள் ஆனது, அது தன் குறைதான் என்றாள். விசிறி ஓடும்போது அளக்க வேண்டும் என்று முதல் வாரமே தோன்றியிருக்க வேண்டும்.

அப்போது மேலாளர் எழுந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. "போன திங்கக்கிழமை நான் இந்த அலாரத்தை மறைக்கச் சொன்னேன். அவங்க மாட்டேன்னுட்டாங்க. மறைச்சிருந்தா புதன்கிழமை யாரும் அந்தக் கேபிள் பக்கமே போயிருக்க மாட்டாங்க. அதையும் எழுதிக்குங்க" என்றார். உட்காரும்போது நாற்காலி எங்கே இருக்கிறது என்று தடவித் தேடினார்.

அவளுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. மேலாளருக்கு இடமாற்றம் வந்தது. போவதற்கு முன்னால் அவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, பதினான்கு இடத்திலும் கொக்கிகளைத் தன் கண்ணால் பார்த்தார். நாலு இடத்தில் போல்ட்கள் தளர்ந்திருந்தன. கேபிளை இனி விசிறிகள் ஓடும்போதும் அளக்க வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் ஒரு வரி சேர்ந்தது. மறுமுனை வழிக்கான கோப்பும் ஒருவழியாக நகர்ந்தது.

அவளுடைய வலது கை மூன்று மாதம் தோளுக்கு மேல் ஏறவில்லை. தீப்பிடித்த அந்தப் புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது மகள் வாசலிலேயே நின்றிருந்தாள். செய்தி அவளுக்கும் வந்திருந்தது. காலையில் எதற்குக் கோபித்துக்கொண்டாள் என்பது இருவருக்குமே மறந்துபோயிருந்தது. கணவர் தண்ணீர் காய்ச்சி வைத்திருந்தார். தலை முழுக்கக் கருகிய ரப்பர் நாற்றம். மகள் அவளை முக்காலியில் உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, மூன்று தடவை சோப்புப் போட்டுத் தேய்த்தாள்.

"நாத்தம் போகுதாடி?" என்று அவள் முக்காலியில் இருந்தபடி மகளைக் கேட்டாள்.

"இல்ல. இன்னும் வருது. குனி."

அவள் குனிந்தாள்.

"பயமா இருந்துச்சா?" என்றாள் மகள், கொஞ்சம் கழித்து.

"இருந்துச்சு."

"அப்புறம் ஏன் இறங்கல?"

அவள் தண்ணீர் வழிய யோசித்தாள். "இறங்கத்தான் போனேன். அந்தத் தீயணைப்பு ஆளு ஒரே கேள்விய மூணு தடவை கேட்டாரு."

மகள் இன்னொரு செம்பு தண்ணீர் ஊற்றினாள்.